நாற்பத்து மூவரின் காலணி

ஆடி மாதத்துக் குளிர்மாலை ஒன்றில், மனுக்காவ் உட்கடலின் நீர் வடிந்து சேற்றுப்பரப்பு ஈயத்தகடு போல் மங்கி ஒளிர, ஆக்லாந்தின் தெற்கு நெடுஞ்சாலையில் விளக்குநிரை ஒன்று செந்நிறமாகவும் மற்றொன்று வெண்ணிறமாகவும் அறுபடாது ஓட, கிழக்கே ஹுனுவா மலைத்தொடர் மழைமுகிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு அசையாது நிற்க, இவற்றுக்கு இடையே தகனினி என்னும் புறநகர் ஒரே அச்சில் வார்த்தெடுத்தவை போன்ற தன் சாம்பற் கூரைகளைக் காட்டிக் கிடந்தது. பந்தயக் குதிரைகளைப் பழக்கிய நிலமாக இருந்து, சதுப்பை வடித்து மனைகளாக்கப்பட்ட இடம் அது. வீட்டுநிரை முடியும் ஓரத்தில், இன்னும் வேலி போடாத வெற்றுநிலம் ஒன்றில், மழையில் ஊறிக் குழைந்த கருமண்ணின் மேல் நீலத் தாழைக்கோழிகள் இரண்டு மூன்று நடந்து திரிந்தன. அவற்றுக்கு அப்பால், எவர் வீட்டுக்கும் உரியவையாகத் தோன்றாத மண்சுவர்கள் இரண்டு, ஒன்றையொன்று பார்த்தபடி எழுந்து நின்றன. முழங்கால் உயரத்தில் தொடங்கி, போகப்போக இடுப்பளவாகி, தோளளவாகி, முடிவில் ஆளை விழுங்கும் உயரத்தை எட்டி, மெல்ல வளைந்து பார்வைக்கு மறைந்தன. அவற்றின் வாயிலில் நீண்டு தாழ்ந்த கருங்கல் இருக்கை ஒன்று மழையில் நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தது.

படிப்பவரே, அச்சுவர்கள் அந்நிலத்துக்கென எழுப்பப்பட்டவை அல்ல. ஐரோப்பாவின் நடுவே, பூர்ச்ச மரக்காடு ஒன்றின் விளிம்பில், எண்பது ஆண்டுகளுக்கு முன் மாந்தரைத் தொடர்வண்டிகளில் அடைத்துக் கொணர்ந்து கொன்ற வதைமுகாம் ஒன்று இருந்தது. கொன்றவர்கள் தோற்றோடும் வேளையில் கட்டடங்களை இடித்து, நிலத்தை உழுது, மேலே மரம் நட்டுவிட்டுப் போனார்கள். அங்கே நினைவுநிலம் அமைப்பதற்கென அறிவிக்கப்பட்ட போட்டியில் அறுபத்தொரு குழுக்கள் வரைபடம் அனுப்பி, இரண்டே எஞ்சின. எஞ்சியவற்றுள் ஒன்று, மவுண்ட் ஆல்பர்ட்டில், தொடர்வண்டி நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய மரவீட்டில் இயங்கிய சிறு நிலவடிவமைப்புக் கூடம். வரைபடத்தில் காண்பது நிலத்தில் அவ்வாறே உணரப்படுமா என்று அறிய, பாதையின் ஒரு பகுதியை உண்மை அளவிலேயே கட்டி, ஆட்களை நடக்கவிட்டுப் பார்ப்பது அத்தொழிலின் வழக்கம். தகனினியில் நின்றது அந்த ஒத்திகைப் பாதை.

கூடத்தின் தலைவன் ஆதவன் கும்பகோணத்தில் பிறந்தவன், முப்பத்தாறு வயது, தன் திறமையில் ஐயமில்லாதவன், ஐயமில்லாதவர்க்கே உரிய இனிமையோடு எல்லாரிடமும் பழகுபவன். கருங்கல் இருக்கை அவன் எண்ணம். சாம்பல் புதைந்த மண்ணைக் காலணியோடு மிதிப்பது தகாது, வருவோர் வாயிலில் அமர்ந்து கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடக்கட்டும், அந்த மண்ணின் குளிர் அவர்கள் உள்ளங்காலில் ஏறட்டும் என்பது அவன் சொன்ன விளக்கம். பிறந்தது முதல் கோவில் வாசலில் காலணியை விட்டுப் பழகிய ஒருவனுக்கு அதனினும் இயல்பான வணக்கம் வேறு தோன்றாது. கூடத்தில் இருந்தவர்கள் அனைவரும் அதைக் கேட்டுத் தலையசைத்தனர், ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி செல்வநாயகி. நாற்பத்தைந்து வயதுடைய ஈழத்துப் பெண். நிலமட்டங்களைக் கணித்து வரைபவள். அந்நிலத்தில் ஒரு கைப்பிடி மண்ணும் தோண்டலாகாது என்பது போட்டியின் முதல் விதி. எங்கு தோண்டினாலும் எலும்பும் சாம்பலும் வரும். எனவே அடித்தளமில்லாமல் தன் எடையாலேயே நிற்கும் சுவர்களை வகுத்து, நிலத்தைத் தாழ்த்தாமல் சுவரை மட்டும் உயர்த்தி, நடப்பவர்க்குத் தாம் புதைகுழிக்குள் இறங்குவது போன்ற உணர்வு வரச்செய்தவள் அவள்தான். பாதையின் அகலத்தை ஐந்தடி என்று அவள் குறித்தபோது ஏனென்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அவளிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. தன்னினும் இளைய ஆண்களைத் தம்பி என்று அழைப்பது அவள் மக்களின் இயல்பு. அவளோ எவரையும் அவ்வாறு அழைத்ததில்லை. மற்றொன்று, மவுண்ட் வெல்லிங்டனில் இருந்த அவள் வீட்டில் எல்லார் காலணிகளும் வாசலில் கிடக்க, அவளுடையவை மட்டும் படுக்கையறைக்குள், கட்டிலருகே, கை எட்டும் தொலைவில் இருக்கும். பதினான்கு வயது மகள் லக்ஷிகா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கணவன் பிருந்தன் சிரிக்கமாட்டான், கேட்கவும் மாட்டான். பிறந்த நாட்டில் போர் முடிந்த வைகாசியில் அவள் முள்வேலி முகாம் ஒன்றில் அடைபட்டுக் கிடந்தவள் என்பதை இந்நகரில் அவனைத் தவிர எவரும் அறியார். அறிந்தவர்கள் பார்க்கும் அந்தப் பார்வையை அவள் முன்பு கண்டிருக்கிறாள்: நோயாளியின் கட்டிலருகே நின்று குரலைத் தாழ்த்திக்கொள்பவர் பார்வை. அதற்கு ஆளாகாமல் வாழ்ந்து முடிப்பது ஒன்றே இந்நாட்டுக்கு வந்த நாள்முதல் அவள் காத்துவந்த உடைமை. கருங்கல் இருக்கை தவறு என்று அவள் முதல் நாளே அறிந்தாள். ஏன் தவறென்று சொல்லத் தொடங்கினால் அந்த உடைமை போய்விடும் என்பதால் வாய் திறவாதிருந்தாள். திறவாத ஒவ்வொரு நாளும் அந்த இருக்கை வரைபடத்தில் மேலும் கறுத்துக்கொண்டு வந்தது.

ஒத்திகைக்கு ஆட்களைத் திரட்டியவர், சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியை நடத்திவந்த ஏரம்பமூர்த்தி. வகுப்பு முடிந்த கையோடு பெற்றோரும் பிள்ளைகளுமாய், தேநீரும் மீன் ரோல்சும் உண்டென்ற உறுதிமொழியை நம்பி, நாற்பத்து மூவர் வந்து சேர்ந்தனர். என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்கு எவரும் கூறவில்லை. கூறாமலே பாதை அவர்களை நடத்துகிறதா என்று பார்ப்பதே நோக்கம். கருங்கல் இருக்கையைக் கண்டதும் முன்னால் வந்தவர் குனிந்து கழற்றினார். பின்னால் வந்தவர்களும் கழற்றினர்.

“என்ன ஆதவன், சப்பாத்து துலைஞ்சால் உங்கட கம்பனி புதுசு வாங்கித் தருமோ?” என்றார் ஏரம்பமூர்த்தி, ஒற்றைக்காலில் நின்று தள்ளாடியபடி.

“போன தைப்பூசத்துல தொலைச்ச என் செருப்பே இங்க கிடைச்சாலும் கிடைக்கும் சார், நல்லா தேடிப் பாருங்க,” என்றாள் சோபனா என்னும் சென்னைப் பெண்.

“உங்கட செருப்பைத் தேடினால் என்ர மனிசி என்னைத் தேடுவா.”

சிரிப்பொலி எழுந்து, சுவர்களுக்கிடையே நுழைந்த பின் தானாகவே அடங்கியது. காலணிகள் முதலில் வரிசையாகக் கிடந்தன. பின் ஒன்றன்மேல் ஒன்றாகின. பின் ஒரு குவியலாயின. பிள்ளைகளின் ஒளிவிடும் காலணிகள், மருத்துவமனைப் பணியாளர்களின் வெண்ணிறக் காலணிகள், பட்டுச் சேலை உடுத்தி வந்த ஒருத்தியின் பொன்வார்ச் செருப்பு எல்லாம் இணை பிரிந்து, வாய் பிளந்து, மழைத்தூறலில் நனையத் தொடங்கின. மேலே பறந்த சிறு படக்கருவி, சினங்கொண்ட வண்டு போல் ரீங்கரித்து, அக்குவியலையும் அதனின்று விலகி ஒற்றை நிரையாகச் செல்லும் வெறுங்கால் மாந்தரையும் படமெடுத்தது. ஆதவன் கைத்திரையில் அதைக் கண்டு முகம் மலர்ந்தான்.

“பாத்தீங்களா அக்கா? ஒரு பலகை இல்ல, ஒரு அம்புக்குறி இல்ல. தானா கழட்டுறாங்க! நீங்களும் ஒரு தடவ நடந்து பாருங்க, சுவர் உயரம் சரியா இருக்கான்னு.”

மறுக்க ஒரு காரணம் வேண்டும். அவளிடம் இருந்ததோ சொல்லக்கூடாத காரணம் ஒன்றே. செல்வநாயகி கருங்கல்லில் அமர்ந்தாள். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் முதல் முறையாகத் திறந்த வெளியில் காலணியைக் கழற்றினாள். லக்ஷிகா உடன் வந்தாள். இருவரும் நிரையின் கடைசியில் நுழைந்தனர்.

மண் குளிர்ந்திருந்தது. சுவர் இடுப்பை எட்டியது, தோளை எட்டியது, நெடுஞ்சாலையின் இரைச்சல் அறுந்து, நாற்பது பேரின் மூச்சு மட்டும் கேட்கும் அமைதி வந்து மூடியது. எவரும் பேசவில்லை. பேசவேண்டாமென்று எவரும் சொல்லவுமில்லை. முன்னே சென்றவர்களின் முதுகுகள் இருளில் ஒன்றோடொன்று கலந்து ஒரே உடல்போல் ஊர்ந்தன. திரும்பிப் போவதற்கு அங்கே இடமிருந்தது; ஆயினும் திரும்பலாம் என்ற நினைவே எவர்க்கும் எழாதபடி அந்த ஐந்தடி அகலம் அளவாக வகுக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் தன் கை எந்த அளவை எங்கிருந்து எடுத்து வந்திருக்கிறது என்பதைச் செல்வநாயகியின் கால் அவளுக்குச் சொல்லிற்று. அவள் நின்றுவிட்டாள்.

தாய் குளிரில் நடுங்குகிறாள் என்று எண்ணினாள் லக்ஷிகா. வீட்டில் ஆங்கிலத்தையே பேசும் அப்பெண், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த சூட்டில் தமிழிலேயே சொன்னாள்:

“நில்லுங்கோ அம்மா. உங்கட சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாறன்.”

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். சுவரின் வளைவு அவளை மறைத்தது.

படிப்பவரே, அவ்வாறே முன்பொருவன் சொல்லியிருந்தான். முகாமின் வாயிலில், படையினர் ஆணைப்படி எல்லாரும் செருப்பையும் மூட்டையையும் ஒரே குவியலாக விட்டுவிட்டு, இரு முள்வேலிகளுக்கிடையே ஐந்தடி அகலத்தில், நண்பகலில் கொதிக்கும் சரளைக் கற்களின் மேல் நடத்தப்பட்டபோது, கால் வெந்து அவள் துள்ளியதைக் கண்டு, பத்தொன்பது வயதான அவள் தம்பி, பொறு அக்கா, எடுத்துக்கொண்டு வாறன் என்று திரும்பிப் போனான். வளைவைத் தாண்டினான். பிறகு அவன் வரவில்லை. பெயர்ப் பட்டியல் எதிலும் வரவில்லை. இறந்தோர் கணக்கிலும் வரவில்லை.

“நிமலா! திரும்பாதை! நிமலா!”

செல்வநாயகியின் அந்தக் கூவல் மண்சுவர்களில் மோதி, போக வழியின்றித் திரும்பி வந்து, நாற்பத்து மூவரையும் நின்ற இடத்தில் நிறுத்தியது. குழந்தையொன்று அழத் தொடங்கியது. பின்னால் இருந்தவர் முன்னாலும் முன்னால் இருந்தவர் பின்னாலும் தள்ள, யாரோ விழ, ஏரம்பமூர்த்தியின் குரல் மட்டும், “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, மெதுவா வெளிய வாங்கோ,” என்று நடுங்கியபடி கேட்டுக்கொண்டிருந்தது. லக்ஷிகா இரு கைகளிலும் தாயின் காலணிகளைப் பிடித்தபடி வளைவில் நின்றாள். அப்பெயரை அவள் இதற்கு முன் கேட்டதேயில்லை.

எல்லாரும் போன பின், ஆறிப்போன தேநீர்க் கலத்தின் அருகே ஆதவன் கேட்டான்: “என்னாச்சு அக்கா? யாராவது தள்ளிட்டாங்களா?”

“அந்தக் கல்லை எடுங்கோ.”

“எந்தக் கல்ல?”

“சப்பாத்துக் கழட்டுற கல்லை. அங்க கொண்டுவந்த சனத்திட்ட முதல் பறிச்சது சப்பாத்துத்தான். படிச்சனீங்கள்தானே.”

“படிச்சேன் அக்கா, ஆறு மாசமா அதத்தான் படிக்கிறேன். பறிக்கிறது வேற, மரியாதைக்கு நாமளா கழட்டுறது வேற.”

“இண்டைக்கு நாப்பத்து மூண்டு பேர் கழட்டினவை. ஏன் கழட்டோணும் எண்டு ஒராளாவது கேட்டதோ?”

ஆதவன் அடிபட்டவன் குரலில் சொன்னான்: “அத எடுத்தா நம்ம வடிவத்துல மிச்சம் என்ன? ரெண்டு மண்சுவர். சரி, தப்புன்னே வச்சுக்குவோம். உங்களுக்கு எப்படி இவ்வளவு உறுதியா தெரியும்?”

செல்வநாயகி காலணியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். முடிந்த பின்னும் நிமிரவில்லை.

“படம் போயிருச்சு அக்கா,” என்றான் ஆதவன். “மேலேருந்து எடுத்தோமே, அந்தப் படம். அவங்க நடக்கும்போதே நடுவர்களுக்கு அனுப்பிட்டேன். அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு.”

ஞாயிறும் திங்களும் அவன் முடிவெடுக்க இயலாமல் கழிந்தன. செவ்வாய்க்கிழமை காலை, முதல் தொடர்வண்டியில் வந்து கூடத்தைத் திறந்த செல்வநாயகி, வரைபடத்தில் கருங்கல் இருக்கையைக் குறுக்குக் கோடிட்டு அடித்தாள். ஐந்தடியை அடித்துப் பதினெட்டு என்று எழுதினாள். தன் பெயரின் முதலெழுத்துகளை ஓரத்தில் இட்டு நடுவர்களுக்கு அனுப்பிவிட்டாள். ஆதவன் வந்ததும் சொன்னாள்.

“என்னைக் கேக்காமயா?”

“நீங்கள் படத்தை என்னைக் கேட்டோ அனுப்பினீங்கள்?”

வேலை போகும் என்று அவள் எண்ணினாள். அன்று மாலை நடுவர் முன் அமரவேண்டியிருந்ததால் அது ஒரு நாள் தள்ளிப்போனது.

அங்கே காலை ஒன்பது. இங்கே மாலை ஏழு. திரையில் ஐந்து முகங்கள் தோன்றின. நடுவில் இருந்தவர், அம்முகாமிலிருந்து உயிர் தப்பிய மிகச் சிலருள் ஒருத்தியின் மகள், எழுபது கடந்தவர். ஆதவன் நன்றாகவே பேசினான். அவன் முடித்ததும் அவ்வம்மையார் அந்தப் படத்தைத் திரையில் விரித்தார். தகனினியின் கருமண்ணில், வாய் பிளந்து கிடந்த காலணிக் குவியல் ஐந்து முகங்களையும் மூடி நிறைந்தது.

“இவை எவருடையவை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஒத்திகைக்கு வந்தவர்களுடையவை,” என்றான் ஆதவன். “நாங்கள் கழற்றச் சொல்லவில்லை.”

“என் தாயை அவர்கள் உயிரோடு வைத்திருந்தது இந்த வேலைக்காக. குவியலில் இருந்து இடக்காலையும் வலக்காலையும் தேடிச் சேர்த்து, கயிற்றால் இணைத்துக் கட்டவேண்டும். பதினோரு மாதம். என் தாயும் சொல்வாள், பெரும்பாலும் எவரும் கழற்றச் சொல்ல நேர்ந்ததில்லை என்று. முன்னால் நிற்பவர் குனிந்தால் போதும்.”

ஆதவன் தீயவன் அல்லன். தன் ஊரின் தூய செயலொன்றை எடுத்து உலகின் மிகக் கொடிய வாயிலில் வைத்துவிட்டவன். வைத்த பின் மேலிருந்து பார்த்தவன். உயரத்திலிருந்து பார்த்தால் வணங்குபவன் முதுகும் பணிந்து போகிறவன் முதுகும் ஒன்றாகவே தோன்றும்.

“கடைசியாக வந்த வரைபடத்தில் இருக்கை அடிக்கப்பட்டிருக்கிறது,” என்றார் அம்மையார். “அடித்தவர் யார்?”

“நான்,” என்றாள் செல்வநாயகி.

“ஏன்?”

“காலணி இல்லாதவர் நடையை நான் பார்த்தேன். வெறுங்காலில் இருப்பவர், அனுப்பிய பக்கம் போகிறார். திரும்பி வருவதில்லை. பாதையும் குறுகலாக இருந்தது; அந்தத் தவறு என்னுடையது. இரண்டையும் நீக்கினேன்.”

“இதைச் சனிக்கிழமைதான் அறிந்தீர்களா? அதற்கு முன்பேயா?”

மவுண்ட் ஆல்பர்ட்டின் அந்த மரவீட்டுக்கு அருகே தொடர்வண்டியொன்று கடந்துபோக, சாளரக் கண்ணாடிகள் அதிர்ந்து ஓய்ந்தன. ஆதவன் அவளைப் பார்த்தான். நிமலன் என்ற அந்தக் கூவலை மூன்று நாளாக மனத்தில் உருட்டிவந்தவனுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அவள் ஒரு சொல் சொன்னால் போதும், வெற்றி அவர்களுடையது என்பதும் அதே நொடியில் விளங்கிற்று. அவன் கண்களில் இரக்கமும் ஆசையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றதை அவள் கண்டாள்.

“அது வரைபடத்தில் இல்லை,” என்றாள் செல்வநாயகி.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். அவர் அவளைப் பார்த்த பார்வையில் தாழ்ந்த குரலின் சாயல் இல்லை. “சரி,” என்று மட்டும் சொல்லித் திரையை அணைத்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை நமக்குத்தான் அக்கா,” என்றான் ஆதவன், இருண்ட திரையை நோக்கியபடி.

“ஓம். அதுதான் சொல்லேல்லை.”

பதினெட்டு நாள் கழித்து மடல் வந்தது. மற்றக் குழுவின் வடிவமே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது: சுவரில்லை, பாதையில்லை, கல்லில்லை, வெட்டாத புல்லும் அதைச் சுற்றி ஒரு தாழ்ந்த வேலியும், உள்ளே போகவேண்டாம் என்னும் ஓர் அறிவிப்பும் மட்டுமே. “ஒண்ணுமே செய்யாததுக்கா பரிசு?” என்று ஆதவன் மடலை மேசையில் எறிந்தான். செல்வநாயகி அதை எடுத்து இருமுறை படித்தாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை. அவன் அவளை வேலையிலிருந்து நீக்கவுமில்லை. அதன் பின் அவள் கண்களை நேராகப் பார்க்கவுமில்லை.

தகனினியின் சுவர்களை எந்திரம் ஒன்று அரை நாளில் இடித்துத் தள்ளியது. அவள் ஒத்திகையில் கூவிய செய்தி தமிழ்ப்பள்ளியில் ஒரு வாரம் உலவி, அடுத்த விழாவின் நாடகத்தில் யார் அரசன் என்னும் பூசலில் மறைந்தது. ஏரம்பமூர்த்தி மட்டும் அவளைக் காணும்போதெல்லாம் சப்பாத்து வேடிக்கையைத் தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொள்வார்.

லக்ஷிகா மறக்கவில்லை. கேட்கவும் துணியாமல், சிரிப்பதையும் விட்டு, மூன்று வாரம் தாயைச் சுற்றி வந்தாள். மடல் வந்த நாளின் மாலையில், பிருந்தன் பணியிலிருந்து திரும்பாத வேளையில், படுக்கையறை வாயிலில் வந்து நின்றாள். கட்டிலருகே காலணிகள் இரண்டும் வாசலை நோக்கியபடி, கயிறு தளர்த்தி, எந்நேரமும் கால் நுழைக்கத்தக்கதாய் இருந்தன.

“அம்மா, நிமலன் ஆர்?”

நடுவர் கேட்டபோது மூடிய வாய் அது. ஒரு வெற்றியை விலையாகக் கொடுத்துக் காத்த சொல் அது. செல்வநாயகி குனிந்து, காலணிகளைக் கட்டிலின் அடியில் தள்ளி, மகள் அமர இடம் செய்தாள்.

“உன்ர மாமா,” என்றாள். “இரு. சொல்லுறன். நடுவில எழும்பிப் போகாதை.”

பெண் அமர்ந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கிடந்த மற்றக் காலணிகள் நனைந்தன. எடுத்து வைக்க எவரும் எழவில்லை. கொன்றவர் உழுது மறைத்த நிலமும் உண்டு; பிழைத்தவர் வாய்மூடி மறைத்த நிலமும் உண்டு. முதலதைத் தோண்டலாகாது. மற்றதற்கு வாயில் அமைக்க அயலார் எவர்க்கும் உரிமை இல்லை. வேலிக்கு அப்பால் காத்திருந்து, பெயர் சொல்லிக் கேட்பவர்க்கு மட்டும் அது திறக்கும். திறந்தபின் உள்ளே போனவர் போனபடி திரும்புவதில்லை. அன்று விளக்கேற்றும் நேரத்துக்குள், அந்த வீட்டில் பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி அவ்வாறே உள்ளே போயிருந்தாள்.